வெள்ளச்சி பார்த்த வெளிச்சம்

கல்வராயன் மலையில் பச்சை ஒளி வீசும் ஆட்டுக்குட்டி ஒன்றை இந்த இரண்டு கைகளால் பிறக்க வைத்தவன் நான். அதன் காது வெளிச்சத்தில் தினத்தாள் படிக்கலாம், மணமகன் தேவை விளம்பரம் வரைக்கும். அது தலையை ஆட்டினால் கீழே கோமுகி அணையில் மீன்களெல்லாம் விடிந்துவிட்டதென்று எழுந்துகொள்ளும்.

நீங்கள் நம்பமாட்டீர்கள். பரவாயில்லை, வடக்கனந்தலில் யாரும் நம்புவதில்லை. என் பெயர் கந்தசாமி. கால்நடைகளுக்கு ஊசி போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். தியாகதுருகம் மலைக்கோட்டை மேல் ஏறிக்கொண்டு இறங்க மறுத்த காளைக்கு அடிவாரத்தில் நின்றபடியே ஊசி போட்டவன். எலவனாசூர்கோட்டையில் ஒரு பசு ஒரே கறவையில் கல்யாண வீட்டுப் பந்திக்கெல்லாம் பாயசம் வைக்கப் பால் கொடுத்ததைப் பார்த்தவன். இதையெல்லாம் என் வாயால் கேட்டால்தான் ருசி. டீக்கடை வீரமுத்து என் பேச்சுக்கென்றே ஒரு கணக்கு வைத்திருக்கிறார். கந்தசாமி சொன்னதில் பாதியைக் கழி, மீதியை டீயில் முக்கி விழுங்கு, அப்புறமும் ஏதாவது மிஞ்சினால் யோசி.

நீங்களும் அப்படியே கழித்துக்கொள்ளுங்கள். அணை மீன்களைக் கழித்துவிடலாம். தினத்தாளையும் கழிக்கலாம். நீல டார்ச் அடித்தால்தான் அந்தக் குட்டி ஒளி வீசும். அணைத்துவிட்டால் அதுவும் மற்றக் குட்டிகளைப் போலத்தான். ஆனால் குட்டியைக் கழிக்காதீர்கள். வெள்ளச்சியையும் கழிக்கவேண்டாம். அவள் யாரென்று சொல்கிறேன்.

முதலில் தமிழ்வேந்தனைச் சொல்லவேண்டும். சின்னப் பையனாக இருந்தபோது நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஊசிக்கு வந்தவன். பெரிய படிப்புப் படித்து, வெளிமாநிலத்தில் பணக்கார வீடுகளுக்குச் செல்லப்பிராணி செய்து கொடுக்கும் தொழிலில் இருந்தான். வளர்த்துக் கொடுப்பதில்லை, செய்து கொடுப்பது. கடலில் ஒளி வீசும் ஒரு ஜெல்லி மீனிடமிருந்து அந்த ஒளிக்கான மரபணுவை எடுத்து ஆட்டின் கருவுக்குள் வைத்துவிடுகிறார்களாம். பிறக்கிற குட்டி நீல விளக்குக்குக் கீழே பச்சையாக மின்னும். குள்ள ஜாதி ஆடு, பூனை உயரம்தான் வளரும். பிள்ளைகள் மடியில் வைத்துக் கொஞ்சலாம்.

"கரு இருக்குது அங்கிள். அத சுமக்க வயிறுதான் இல்ல" என்றான். நம் ஊரில் இதற்கெல்லாம் அனுமதி கிடையாது. அதனால் கேள்வி கேட்காத வயிறுகள் வேண்டியிருந்தன. மலைமேல் ஆடுகள் நிறைய உண்டு, அங்கே எல்லாருக்கும் என்னைத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும்.

என் மனைவி அமிர்தம் அடுப்பங்கரையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் போனதும் வெளியே வந்தாள்.

"இன்னாய்யா கூத்து இது. ஆடுன்னா பால் குடுக்கும், கறி குடுக்கும், மிச்ச நேரம் புழுக்க போடும். வெளிச்சத்துக்குத்தான் கரண்டு பில்லு கட்டிகினு கீறோமே."

"அது பணக்கார வூட்டுப் புள்ளைங்க வெச்சி வெளையாடறதுக்குடி."

"பல்புன்னா வெளையாடிட்டு அணைச்சிடலாம். இத எப்படி அணைப்பாங்க?"

டார்ச்சை அணைத்தால் போதும் என்று விளக்கினேன். அவள் நம்பவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் என்னோடு குடித்தனம் செய்தவள், அவளைக் குறை சொல்லமுடியாது.

நான் யோசிக்காமல் இறங்கவில்லை. நியாயம் பார்த்தேன். கிளியைக் கூண்டில் அடைக்கிறோம், நாயின் வாலை நறுக்குகிறோம், காளையின் மூக்கில் துளை போடுகிறோம். இவையெல்லாம் வலிக்கும். ஒளி வலிக்காது. தான் மின்னுவது அந்தக் குட்டிக்குத் தெரியக்கூடத் தெரியாது. பார்க்கிறவனுக்குச் சந்தோஷம், குட்டிக்குக் கெடுதல் இல்லை. இதில் பாவம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

பணத்துக்காகச் செய்தேன் என்று நினைத்தால் அது தப்பு. பென்ஷன் எனக்கு ஜாஸ்தி, அமிர்தத்துக்குத்தான் கம்மி. காரணம் வேறு. வாழ்நாள் முழுக்க நடக்காததையெல்லாம் நடந்ததாகச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன். சாவதற்குள் என் புளுகில் ஒன்றாவது நிஜமாக இருக்கவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வீரமுத்து கடையில் உட்கார்ந்து, எல்லாரும் கழித்து முடித்த பிறகு, பையிலிருந்து அந்தக் குட்டியை எடுத்து மேஜைமேல் விடவேண்டும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான்.

வெள்ளிமலை தாண்டி, பஸ் திரும்பும் இடத்திலிருந்து நடந்து ஏறினால் ஓர் ஊர். பெயர் சொல்லமாட்டேன், அவர்கள் நல்லவர்கள். அங்கே என்னை டாக்டர் என்பார்கள். நான் மறுத்ததில்லை. நல்ல ஜாதிக் குட்டி பிறக்க ஊசி போடுகிறேன், காசு வேண்டாம் என்றேன். ஓய்வு பெற்றுவிட்டதைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம். சாமை விதைக்கும்போது முதல் பிடியை ராசியுள்ள ஒரே கைதான் எறியவேண்டும். அந்தக் கை எறிந்த பிறகுதான் மற்றவர்கள் விதைக்கூடையைத் தொடுவார்கள். அது வெள்ளச்சியின் கை. ஆடு குட்டி போடத் திணறினாலும், புது அடுப்பு பற்ற வைப்பதானாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கும் வெள்ளையனுக்கும் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாதவளுக்கு ஊர் வைக்கும் பேர்கள் உங்களுக்குத் தெரியும். அந்தப் பேர் ஒன்றும் வெள்ளச்சியிடம் ஒட்டாமல் அந்தக் கை பார்த்துக்கொண்டது. அவளுக்கு இருந்த சொத்து அந்த வலது உள்ளங்கைதான்.

எனக்கும் அந்தக் கை உதவியது. கருவை வைக்கும்போது ஆடு உதறக்கூடாது. வெள்ளச்சி தாடையைப் பிடித்து நெற்றியை நீவினால் எந்த ஆடும் கல் மாதிரி நின்றுவிடும். அவள் பிடித்தால்தான் ஊரார் நம்பி ஆட்டைக் கொண்டுவந்தார்கள். ஆகவே ஒவ்வொரு ஆட்டையும் அவள்தான் பிடித்தாள்.

"டாக்டரே, இந்த ஊசி போட்டா குட்டி எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

"ராசா மாதிரி இருக்கும்."

"ராசா வேணாம். நாலு காலு இருந்தா போதும்" என்றாள். சிரிப்புக்காரி.

கருக்கள் தங்கவில்லை. தமிழ்வேந்தன் முன்பே சொல்லியிருந்தான், பெரும்பாலானவை வீணாகும் என்று. வீணாவது என்றால் என்ன என்று நான் விவரம் கேட்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக ஆடுகள் மாதம் நிறையாமலே குட்டி வீசின. சில முழு மாதம் சுமந்து, கண் இருக்கவேண்டிய இடத்தில் தோல் மட்டும் மூடிய குட்டிகளைப் போட்டன. சில தாயாடுகளும் கூடவே போயின. மலையில் ஓர் ஆடு என்பது பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் கட்டி வைத்திருக்கும் காசு முடிச்சு. அது அவிழ்ந்து கொட்டியது.

ஊர்ப் பெரியவர் ஆதிமூலம் என்னிடம் வந்தார். பட்டிக்கு வெளியே குந்தி உட்கார்ந்து, குச்சியால் மண்ணைக் கீறிக்கொண்டே கேட்டார்.

"டாக்டரே, ஒரு வார்த்த கேக்கணுங்க. ஊசி போட்ட ஆடெல்லாம் வீசுது. வெள்ளச்சி பிடிச்ச ஆடெல்லாம் வீசுது. ரெண்டும் ஒரே ஆடுங்கதான். இது ஊசியாலயா, அவ கையாலயா?"

நான் அவள் கைமேல் பழி போடவில்லை. இதை நீங்கள் கவனிக்கவேண்டும். "ஊசியில ஒரு குத்தமும் இல்ல" என்றுதான் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் குச்சியைப் போட்டுவிட்டு எழுந்து போனார். அந்த வருடம் சாமை விதைப்புக்கு வெள்ளச்சியைக் கூப்பிடவில்லை. வேறொருத்தி கை எறிந்தது. வெள்ளச்சி தன் காட்டுக்குள் விதைக்கவும் மற்றவர்கள் விதைத்து முடியும் வரை காத்திருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரே ஒரு கரு தங்கியது. அதுவும் அவளுடைய சொந்த ஆட்டிலேயே, செவலை என்று அவள் கூப்பிடும் ஆட்டில்.

மழை மூட்டத்தோடு பொழுது சாயும் நேரம் அது குட்டி போட்டது. பட்டிக்குள் இருட்டு. வெள்ளையன் சாக்கைப் போர்த்திக்கொண்டு வெளியே நின்றான். உள்ளே வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். மூங்கில் தட்டிக்கு இந்தப் பக்கம் நானும் வெள்ளச்சியும் செவலையும் மட்டும். குட்டி வெளியே வந்து, சளியைத் துடைத்ததும் கத்தியது. நல்ல கணீரென்ற குரல்.

டார்ச் அடிக்காமல் இருந்திருக்கலாம். பட்டியில் வைத்து அடிக்காதே என்று தமிழ்வேந்தன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். ஆனால் நீங்கள் என் இடத்தில் இருந்து பாருங்கள். நீல டார்ச்சை எடுத்து அமுக்கினேன்.

இதில் கழிக்க ஒன்றுமில்லை, அதனால் மெதுவாகச் சொல்கிறேன். மயிர் அடர்ந்த இடமெல்லாம் இருட்டு. காது இரண்டும் பச்சை. மூக்கு நுனி, உதடு, கண் ஓரம் பச்சை. நான்கு குளம்புகளும் ஈரத்தோடு பச்சையாக மின்னின. அது கால் உதைத்தபோது நான்கு விளக்குகள் ஆடின. செவலை எதையும் பொருட்படுத்தாமல் அந்தக் காதை நக்கியது. வெள்ளச்சி கை எடுத்துக் கும்பிட்டாள். அவள் முகத்தில் பயமே இல்லை. "ஐயா, பாருங்க டாக்டரே, பாருங்க" என்றாள், நான் பார்க்காதது போல.

வெந்நீர் கொண்டுவா என்று அவளை அனுப்பினேன். அவள் வருவதற்குள் குட்டியின் வாயைத் துணியால் கட்டிப் பைக்குள் வைத்துவிட்டேன். செத்துப்போயிற்று, ஒட்டுநோய், கீழே கொண்டுபோய்ப் புதைக்கவேண்டும் என்றேன். பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"கத்துச்சே" என்றாள்.

"செத்துதான் பொறந்துச்சு" என்றேன். வெளியே வந்து வெள்ளையனிடமும் அதையே சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

வெள்ளச்சி சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவளுக்கு அந்தக் குட்டி ஒரு சாட்சி. தன் கை பிடித்த ஆடு உயிருள்ள குட்டி போட்டது, அதுவும் சாமி இறங்கின குட்டி; ஆகவே தன் கை கெட்ட கை இல்லை. இதை ஊரைக் கூட்டிச் சொன்னாள். என்னையும் வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். போனேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும்.

கோயில் முன்னால் பட்டப்பகலில் ஊரே உட்கார்ந்திருந்தது. அவள் நின்றுகொண்டு சொன்னாள்.

"டாக்டரு நீல லைட்டு அடிச்சப்ப பாத்தேன். காது பச்ச, மூக்கு பச்ச, கொளம்பு பச்ச. உசுரோட கீது. செத்த குட்டி போட்ட ஆடு சீக்கிரம் மறந்துடும். என் செவல இன்னும் பள்ளத்த பாத்து கத்திகினே கீது. அதுங்காதுல அந்தக் கொரலு விழுந்துச்சு, அதான்."

ஆதிமூலம் வெள்ளையனைப் பார்த்தார். "நீ பாத்தியாடா?"

"நான் பாக்கல" என்றான் வெள்ளையன். "அவளுக்கு அன்னைக்கு காய்ச்சலு."

பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் இருந்த அமைதியில் ஒரு பொய் நின்றிருக்காது. கோர்வையாக மறுத்துப் பேசியிருந்தால் குரல் உடைந்திருக்கும். எனக்கு மறுத்துப் பேசவும் வராது. வந்ததைச் செய்தேன். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இந்த ஜில்லாவுலேயே பெரிய புளுகன் நான்தான்னு நெஞ்ச நிமித்திகினு திரிஞ்சேன். என் பட்டத்த புடுங்கிகினியே ஆத்தா" என்றேன்.

ஊர் வெடித்துச் சிரித்தது. ஆதிமூலம் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். வெள்ளையனும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். நான் சொன்ன நகைச்சுவைகளில் அவ்வளவு கச்சிதமாக விழுந்தது வேறில்லை. இன்றைக்கும் யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ தோன்றவில்லை.

சிரிப்பு அடங்கியதும் அவள் சூடம் கேட்டாள்.

அந்த ஊரில் சத்தியம் என்றால் சூடத்தை உள்ளங்கையில் ஏற்றிக்கொள்வது. பொய் சொன்னவன் கையைத்தான் அது சுடும் என்பார்கள். நடைமுறையில் யாரும் சுடும் வரை வைத்திருப்பதில்லை. ஏற்றி, சாமி பேரைச் சொல்லி, உடனே கீழே தட்டிவிடுவார்கள். அதோடு வழக்கு தீர்ந்தது. எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடு. வெள்ளச்சிக்கு மட்டும் தெரியவில்லை. அவள் நிஜமாகவே நம்பினாள். உண்மையைச் சொன்ன கை சுடாது என்று கட்டிக் கட்டியாக வலது கையில் வைத்து ஏற்றி, எரிந்து தீரும் வரை நீட்டிக்கொண்டே நின்றாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "தட்டு, தட்டு" என்று பெண்கள் கத்தினார்கள். தட்டவில்லை.

சூடத்துக்கு உண்மை பொய் தெரியாது என்பதை அங்கிருந்தவர்களில் அறிந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கை வெந்துவிட்டது. வெந்ததைப் பார்த்ததும் ஊர் எழுந்து போய்விட்டது. தீர்ப்பு என்று யாரும் தனியாகச் சொல்லவில்லை.

வெள்ளையன் சாணிச் சாம்பலை அப்பித் துணியைச் சுற்றினான். கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகட்டுமா என்று என்னிடம் கேட்டான். போனால் எப்படிச் சுட்டது, ஏன் சுட்டது, எந்தக் குட்டி என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். "எதுக்கு அவ்ளோ தூரம். நான் மருந்து போடறேன்" என்றேன். ஆட்டுக் குளம்புப் புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்து பையில் இருந்தது. தடவினேன். உள்ளங்கை ஊதாவாகிவிட்டது. அவள் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுக்கு டார்ச்சு அடிச்சா பச்சையா வருமா டாக்டரே?" என்று கேட்டாள். சொன்னேனே, சிரிப்புக்காரி.

சில நாள் கழித்து வெள்ளையன் ஆள் அனுப்பினான். போனபோது அவளுக்கு வாய் திறக்கவில்லை. தாடை பூட்டிக்கொண்டு, கழுத்து விறைத்து, முதுகு வில்லாக வளைந்திருந்தது. ஆடுகளில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். புண் வழியாக ஏறும் டெட்டனஸ் என்று வாசலில் நின்றபடியே தெரிந்துவிட்டது. அப்போதுகூட வண்டி வைத்துக் கீழே கொண்டுபோயிருந்தால் நேரம் இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். ஊசியை நானே போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். மனுஷருக்கு ஊசி போட எனக்கு அதிகாரம் கிடையாது. வேலை பார்த்த காலம் முழுக்க விதியை மீறாதவன் நான்.

"இருட்டா வைய்யி. சத்தம் போடாத. வெளிச்சம் பட்டா இழுக்கும்" என்று வெள்ளையனிடம் சொன்னேன். அது சரியான யோசனைதான், எந்த மருத்துவரையும் கேட்டுப் பாருங்கள். அவன் கதவில் கம்பளியைத் தொங்கவிட்டான். நான் இறங்கிவிட்டேன்.

பொய் சொன்ன வாயைச் சாமி பூட்டிவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது. அவளைப் புதைத்த அன்று மழை.

குட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். மலையிலிருந்து இறங்கிய அன்றே தமிழ்வேந்தன் அதை வாங்கிப் போய்விட்டதால் வீரமுத்து கடை மேஜைக்கு அது வரவே இல்லை. ஒரு தடவை போய்ப் பார்த்தேன். பெங்களூர்ப் பக்கம், பெரிய வீடு. வீட்டின் நடுவில் கண்ணாடி அறை, மேலே நீல விளக்கு. விருந்தாளிகள் எந்த நேரமும் வருவார்கள் என்பதால் அந்த விளக்கை அவர்கள் அணைப்பதே இல்லை. அமிர்தம் கேட்டது ஞாபகம் வந்தது. ஆடு படுத்து, கண் சொருகி, அசைபோட அதற்குக் கொஞ்சம் மங்கல் வேண்டும். இன்னோர் ஆட்டின் விலா வேண்டும். இதற்கு இரண்டும் இல்லை. கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தது. அந்த வீட்டுக் குழந்தைக்கு முதல் மாதத்திலேயே அலுத்துவிட்டதாம். இப்போது மீன் கேட்கிறது என்றார்கள், கலர் மாறும் மீன்.

உள்ளே போனதும் என் சட்டையை மோந்தது. மலைக்குப் போகும்போது போடும் சட்டை அது, பட்டி வாசம் போகவே போகாது. சட்டையின் கீழ்ப் பொத்தானை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே இருந்தது. நான் கிளம்பும்போது பொத்தானைப் பிய்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அது செத்துப்போனதும் தமிழ்வேந்தன் கவலைப்படவில்லை. வேறு செய்யலாம் என்றான். எனக்கு ஒரு குளம்பை மட்டும் வாங்கிக் கொடுத்தான். அவ்வளவு பாடும் இந்தக் குளம்பாக வந்து என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.

பிறகு நான் சொல்ல ஆரம்பித்தேன். வீரமுத்து கடையில் முழுக் கதையையும் சொன்னேன், ஒன்றும் கூட்டாமல். ஒரு பெண்ணைக் கொன்றிருக்கிறேன் என்று முடித்தேன். வீரமுத்து டீ ஆற்றுவதை நிறுத்தவே இல்லை.

"பாதிய கழிச்சா இன்னா மிஞ்சும் மாமா?"

"கழிக்காதய்யா."

"சரி, ஆட்ட கழிச்சிட்டேன். அந்தப் பொம்பளயையும் கழிச்சிட்டேன். நீ மிஞ்சற. இந்தா, டீ சாப்புடு."

குளம்பை எடுத்து டார்ச் அடித்துக் காட்டினேன். பச்சையாகத்தான் மின்னியது. "பெயிண்டு நல்லா அடிச்சிகீற" என்றார் ஒருவர். இன்னொருவர், எங்கே வாங்கினாய், பேரனுக்கு ஒன்று வேண்டும் என்றார். காவல் நிலையத்துக்கும் போனேன். கொன்றேன் என்றேன். எதால் என்று கேட்டார்கள். ஒரு சிரிப்பால் என்றேன். அங்கே ஒருவர் வடக்கனந்தல்காரர், என்னைத் தெரிந்தவர். மற்றவர்களிடம் ஏதோ சொன்னார். உட்கார வைத்து, பிஸ்கட் கொடுத்து, ஆட்டோ பிடித்து அனுப்பினார்கள். அமிர்தம் அன்றைக்கு என்னோடு பேசவில்லை. பாதியாவது நம்பியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

மிச்சம் இருந்தது வெள்ளையன். மற்றவர்கள் சிரிப்பதோடு சரி. இல்லை, நடக்கவில்லை என்று ஊர் நடுவில் மறுத்தவன் அவன் ஒருவன்தான். வெள்ளச்சியின் பேரை அவனிடமாவது நிமிர்த்தி வைக்கவேண்டும். அவளுக்காகத்தான் போன வாரம் மலை ஏறினேன். வேறு காரணம் இல்லை.

பட்டி காலியாக இருந்தது. செவலையை விற்றுவிட்டானாம், கத்தல் தாங்கவில்லை என்று. பிரிந்துபோன மூங்கில் தட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். உள்ளே அடைக்க ஒன்றும் இல்லாத பட்டிக்கு ஏன் தட்டி என்று நான் கேட்கவில்லை.

"வாங்க டாக்டரே" என்றான்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஜெல்லி மீன், கரு, பை, துணி, ஊதா மருந்து, வாசலில் நின்றபடியே எனக்குத் தெரிந்துவிட்டது வரை. அவன் முடிச்சுப் போடுவதை நிறுத்தாமல் கேட்டான்.

"அப்படி ஒண்ணும் நடக்கலிங்க" என்றான்.

"குட்டிய நான்தான்யா பையில போட்டேன்."

"அவளுக்கு அன்னைக்கு காய்ச்சலு. நீங்க கத கட்டறவருங்க, ஊருக்கே தெரியும். செத்தவள வெச்சி கட்டாதீங்க."

"கத இல்ல வெள்ளையா. இதோ பாரு" என்று குளம்பை எடுத்துத் தட்டியின்மேல் வைத்தேன். கருப்பான சின்னக் குளம்பு, நிழலில் எதுவும் தெரியவில்லை. மறு கையில் டார்ச்சை எடுத்தேன். அமுக்குவதற்குள் அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாங்க, போடாதீங்க" என்றான். "பச்சையாத்தான் இருந்துச்சு. தட்டி சந்துல நின்னுகினு நானும் பாத்தேன். காது, மூக்கு, கொளம்பு. அவ சொன்ன மாதிரியேதான். நானும் பாத்தேன்னு சொல்லியிருந்தா ரெண்டு பேத்தையும் ஊரு தள்ளி வெச்சிருக்கும். ஒருத்தியோட போவட்டும்னு வுட்டுட்டேன்."

என் பேச்சை ஒருவன் கழிக்காமல், முழுசாக ஒப்புக்கொண்டது என் வாழ்நாளிலேயே அன்றுதான். கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான், வேறென்ன. அவன் தோளில் கை போட்டேன்.

"வெள்ளையா, கீழ வந்து வீரமுத்து கடையில இத ஒரே ஒரு தரம் சொல்றியா? நான் சொன்னா ஒருத்தனும் நம்பமாட்றானுங்க."

அவன் என் கையைத் தட்டிவிடவில்லை. குளம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவகிட்டயே சொல்லலிங்க" என்றான். "வாய் பூட்டிகினு என்னியே பாத்துகினு கெடந்தா. அப்பகூட நான் வாயத் தொறக்கல. இனிமே கடையில வந்து இன்னா சொல்றது. ஆனா நடந்துச்சுங்க. அவ சொன்னதுதான் நடந்துச்சு."